சோற்றுக் கோப்பையில் ஓர் எல்லைக்கோடு

அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். பாரிசவாதம் வந்த பிறகு இடது கால் சொன்னபடி கேட்பதில்லை. வெயில் காலத்திலும் அந்தப் பாதம் மட்டும் குளிர்ந்தே கிடக்கும். தொலைக்காட்சியில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. செய்தியில் பெரும்பாலும் யாராவது யாருக்காவது கை குலுக்குவார்கள். அதைப் பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவர் நல்ல கையால் என் தோளைத் தட்டினார்.

"கொண்ணை பாத்திருப்பானோ?"

காலுறை பாதி ஏறிய நிலையில் நின்றது. எங்கள் திருமணம் முடிந்து இரண்டாம் வருடத்துக்குப் பிறகு, என் அண்ணையைப் பற்றி என் கணவர் சபேசன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. "உன்ரை ஆக்கள்" என்பார். "ரெனான்காரர்" என்பார். "கொண்ணை" என்று, உன் அண்ணை என்ற உறவோடு, சொல்லி நான் கேட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். பீக்கிங்கில் பெரிய அணிவகுப்பு. சிவப்புக் கம்பளத்தில் ரஷ்யாவின் தலைவரும் சீனாவின் தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் சிரித்தார். சம்பந்தி வீட்டுக்காரர் போல நல்ல ஒட்டுறவு.

எனக்கு வந்தது சந்தோசம் இல்லை. இவ்வளவுதானா என்றுதான் வந்தது.

இந்தத் தொடரின் தொடக்கத்தில், எனக்கு ஓர் அண்ணை இருக்கிறார், ரெனானில் என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவியிருந்தேன். ஒரு வாசகி அதைப் பிடித்துக்கொண்டு, அந்த அண்ணைக்கு என்ன நடந்தது, பிறகு வரவேயில்லையே என்று கேட்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இதே சுவிசில், லோசானுக்குப் பக்கத்தில் சுகமாக இருக்கிறார். சூரிச்சுக்குப் பக்கத்தில் எங்கள் ஷ்லீரனில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயில் ஏறினால் மதியத்துக்கு அவர் வீட்டில் கை கழுவலாம். அந்தச் சின்னப் பயணத்தை இரண்டு ஆண்பிள்ளைகளும் வாழ்நாள் முழுக்கச் செய்யவில்லை. காரணம் காணியில்லை, சீதனமில்லை. சோவியத் யூனியனும் சீனாவும்.

இரண்டு உறைகள்

இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். என் மகள் துளசிக்கே விளங்கப்படுத்தித் தோற்றிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரே ஒரு கம்யூனிஸ்ட் கட்சிதான் இருந்தது. அண்ணையும் சபேசனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிள், ஒரே வாலிபர் சங்கம். மொஸ்கோவிலிருந்தும் பீக்கிங்கிலிருந்தும் வழுவழுப்பான படச் சஞ்சிகைகள் வரும். கோதுமை வயலில் நின்று சிரிக்கும் பெண்கள், உழவு இயந்திரங்கள், அணைக்கட்டுகள். அந்தத் தாள் தடிப்பானது, மழைக்குக் கிழியாது. என் கொப்பிகளுக்கு அதில்தான் உறை. கணக்குக் கொப்பிக்கு ரஷ்யா, தமிழ்க் கொப்பிக்குச் சீனா.

ஒரு நாள் அண்ணை வந்து கணக்குக் கொப்பியின் உறையை உரித்தார். ஏன் என்று கேட்டதற்கு, ரஷ்யாக்காரர் மார்க்சைத் திரிக்கும் திரிபுவாதிகளாகிவிட்டார்கள் என்றார். நான் அழுதது அந்த உறையில் இருந்த பெண்ணுக்காக. தலையில் பூப்போட்ட துணி கட்டி நல்ல வடிவாக இருந்தாள். எனக்கு அப்போது தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

அங்கே பெரிய இடத்தில் மொஸ்கோவும் பீக்கிங்கும் முறைத்துக்கொண்டன. இங்கே எங்கள் ஊரில் கட்சி இரண்டானது. அண்ணை பீக்கிங் பக்கம், சபேசன் மொஸ்கோ பக்கம். மே தினத்துக்கு இரண்டு ஊர்வலம், இரண்டு மேடை, ஒரே பாட்டு. மொஸ்கோவைப் பார்த்தவரும் இல்லை, பீக்கிங்கைப் பார்த்தவரும் இல்லை. கீரிமலைக்கு அங்கால் போகாதவர்கள்தான் இந்த உலகத்தைப் பங்கு பிரித்தார்கள்.

ஆனாலும் சினேகிதம் விட்டுப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சபேசனைப் பேசி வந்ததே அண்ணைதான். சீதனம் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வேறெங்கே கிடைப்பான்? "திரிபுவாதி எண்டாலும் நல்ல பொடியன்" என்று அம்மாவிடம் சொன்னார். பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து அண்ணை போட்டார். அதற்காக அவருடைய கட்சிக் கிளையில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள் என்று பின்னால் அறிந்தேன். தங்கையின் திருமணத்தில் கையெழுத்து வைத்ததற்கு ஒருவர் சுயவிமர்சனம் செய்ய வேண்டியிருந்த காலம் அது. அவரும் செய்தார்.

முருங்கைக்காய்ச் சண்டை

சீனப் படை வியட்நாமுக்குள் இறங்கிய மாதம். ஞாயிற்றுக்கிழமை. அண்ணையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நண்டுக் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்திருந்தேன். புதுக்குடித்தனம், கறியில் உப்புக் கூடியிருக்குமோ என்பதுதான் எனக்குப் பயம். வியட்நாமைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சபேசன் தன் கோப்பையில், அகலமான பீங்கான் தட்டு அது, சோற்றைத் தட்டையாக்கினார். விரலால் நடுவே ஒரு கோடு இழுத்தார். எல்லை. கோட்டுக்கு மேலே, சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கைகளை வரிசையாக வைத்தார். சீனப் படை. ஒவ்வொன்றாக அவற்றைக் கோட்டுக்குக் கீழே தள்ளினார். தள்ளிக்கொண்டே கேட்டார்.

"சின்ன நாடொண்டுக்கை பூந்து அடிக்கிறதுக்கு என்ன பேர், மச்சான்? உங்கடை புத்தகத்திலை அதுக்கும் ஒரு பேர் இருக்குமே."

அண்ணை நண்டுக்காலைக் கோப்பையில் வைத்தார்.

"பிராக்குக்குள்ளை தாங்கி ஓட்டினவங்கள் எங்களுக்குப் படிப்பிக்க வரவேண்டாம். அதுக்குப் பேர் சமூக ஏகாதிபத்தியம்."

பிறகு வந்த சொற்களை எழுத மாட்டேன். அண்ணை எழுந்தார். கை கழுவவில்லை. குழம்புக் கையோடு முற்றத்தைத் தாண்டி, அந்தக் கையாலேயே சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் ஆட்களிடையே சோற்றில் கை வைத்தவர் இடையில் எழுந்து போவது என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரத்து நின்றுவிடும்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விசயம் ஒன்று. இருவரும் கேட்டது நியாயமான கேள்வி. சின்ன நாட்டை அடித்தது பிழைதான். பிராக்கில் சோவியத் படை யுத்தத் தாங்கி ஓட்டியதும் பிழைதான். மற்றவனுடைய பிழை இருவருக்கும் நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வருடம் முடியும்போது சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. வானொலியில் செய்தி வந்தபோது சபேசன் எழுந்து அதை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றார். கோப்பையில் எல்லை கீறிக் காட்ட அவருக்கு அன்று எதிரே ஆளில்லை.

கட்சி ஏதும் உண்டோ?

பிறகு எங்கள் சொந்த யுத்தம் வந்தது. அதைப் பற்றி இந்தத் தொடரில் நிறைய எழுதிவிட்டேன்.

சபேசன் வந்த பாதையை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நம் பொடியன்கள் நிறையப் பேர் சோவியத் விமானத்தில் மொஸ்கோ வந்து, அங்கிருந்து கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கே கடந்தார்கள். அவரும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட மண்ணில் அவர் கால் வைத்த இடம் விமான நிலையத்தின் இடைத்தங்கல் மண்டபம். வெளியே பனி பெய்ததாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தரையில் படுத்தாராம். சங்கத்தில் மாலை வகுப்பில் படித்த ரஷ்ய மொழியில், காவலுக்கு நின்றவனைத் தோழரே என்று கூப்பிட்டு, ஒரு முறை வெளியே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவன் தரையைக் கை காட்டினானாம். இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அண்ணை சில காலம் கழித்து இத்தாலிப் பக்கத்தால் மலையேறி வந்தார். யாரை எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்று சுவிஸ் அரசாங்கம்தான் தீர்மானிக்கும். எங்களைச் சூரிச் பக்கம் போட்டது, அண்ணையைப் பிரெஞ்சுப் பக்கம் போட்டது. ஒருவருடைய பத்திரிகையை மற்றவரால் வாசிக்கவும் முடியாமல் போனது.

தஞ்ச விசாரணையில் இருவரிடமும் ஒரே கேள்வி. கட்சி ஏதும் உண்டோ? அந்தக் காலத்துச் சுவிசில் கம்யூனிஸ்ட் என்றால் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். சூரிச்சில் சபேசன் இல்லை என்றார். லோசானில் அண்ணையும் இல்லை என்றார். அதிகாரிக்கு முன்னால் இருவருக்கும் கட்சி கிடையாது. ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருப்பதற்கு மட்டும் கட்சி உயிரோடு இருந்தது.

சோவியத் கொடி இறங்கிய அன்று சபேசன் பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, கையில் மாவோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். மா காய்ந்து உதிரும்வரை எழும்பவில்லை. நான் உள்ளே போய் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு தரப்பே இல்லாமல் போய்விட்டது, இனி என்ன சண்டை என்று நினைத்தேன். அவன் வந்து ஒரு சொல்லுச் சொல்லட்டும் என்றார் அண்ணை. இவரிடம் வந்தால், எழும்பிப் போனது அவன், வரவேண்டியதும் அவன் என்றார்.

பிறகு அந்த நாடுகள் என்னென்ன செய்தன என்று நான் கணக்கு வைக்கவில்லை, ஆனால் கண்ணில் பட்டது. சண்டை பிடித்த ஆற்றங்கரை எல்லையைப் பேசித் தீர்த்தார்கள். எண்ணெய்க்குக் குழாய் போட்டார்கள். சேர்ந்து படைப் பயிற்சி செய்தார்கள். சீனாவும் வியட்நாமும்கூடத் தூதரகம் திறந்து வியாபாரம் செய்தன. எங்கள் இரண்டு வல்லரசுகள் மட்டும் மண்டபங்களில் எதிரெதிர் மூலையில் நின்றன. பொது வீடுகளில் கலியாணம், செத்தவீடு எது என்றாலும், அண்ணை சாப்பாட்டு மேசைப் பக்கம் என்றால் இவர் வாசல் பக்கம்.

துளசி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. இளமையில் இருவரும் அதை நிலப்பிரபுத்துவச் சடங்கு என்று கூட்டம் போட்டுப் பேசியவர்கள். இங்கே வந்து, ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று சபேசன் பெரிய மண்டபமே எடுத்தார். தாய்மாமன்தான் பிள்ளைக்குப் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கோ என்று இவரிடம் கெஞ்சினேன். அழைப்பிதழைத் தபாலில் போட்டார். வீட்டுக்கு வந்து சொல்லாத காரியத்துக்கு எங்கள் ஆட்கள் போவதில்லை. அண்ணையும் வரவில்லை. சபேசனின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் தண்ணீர் வார்த்தார். நான் பட்டுச்சேலையோடு வீடியோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த வீடியோவை நான் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை.

மேல்வீட்டுப் பிள்ளை

இனி லூதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடிக்கு வந்தவள். கார்கிவ் நகரத்தில் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவள். உக்ரைனிலிருந்து வருபவர்களுக்கு S என்று ஒரு அனுமதி அட்டை கொடுத்தார்கள். வந்த கையோடு கிடைத்தது. வேலைக்கும் போகலாம். தஞ்சம் கேட்டவர்களுக்குரிய N அட்டையை நாங்கள் எத்தனை வருடம் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தோம் என்பது எனக்குத்தான் தெரியும். அவளைப் படியில் காணும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் விழுந்ததும் குண்டுதானே என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

சபேசன் ஒரு நாள் குளியல் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தார். நான் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். ஈரத்தோடு அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, துவாயால் மூடி, ஒன்றும் பார்க்காதவள் போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு குளிக்க வார்க்கும் நாட்களில் தானாகவே இறங்கி வருவாள். எனக்குத் தோள்மூட்டு நோ. தனியே அவரைத் தூக்க முடியாது. நான் ரோல்சோ கட்லட்டோ கொடுத்து அனுப்புவேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது உடைந்த ஜேர்மன்தான், ஆனாலும் கதை ஓடியது. முழங்கால் நோவோடு தாய் இன்னும் கார்கிவில் இருக்கிறாள், வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்பதை அந்த ஜேர்மனில்தான் சொன்னாள்.

சபேசன் ஆசையாகத் தனக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்களில் அவளுக்கு வணக்கம் சொன்னார். அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் பேசியதும் அந்த மொழிதான். ஆனால் அவள் மெதுவாக, ஜேர்மனில் கதையுங்கள் என்றாள். இவருக்கு முகம் சுண்டிவிட்டது.

தூது

காலுறைக் கதைக்கு வருகிறேன்.

அன்று பின்னேரமே அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணையும் அங்கே பிரெஞ்சுச் செய்தியில் அதே கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். தேநீரை ஆறவிட்டாராம். எனக்குள் ஏதோ அசைந்தது. இருவருக்கும் எண்பது நெருங்குகிறது. ஒருவர் சக்கர நாற்காலி, மற்றவர் ஊன்றுகோல். ஒருவர் மற்றவருடைய செத்தவீட்டுக்குப் போய்த்தான் சமாதானம் ஆகப்போகிறார்களா? இருவரும் உயிரோடு என் மேசையில் உட்கார்ந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணை பழைய பாட்டைத்தான் பாடினார். வந்து சொல்லட்டும். இவரால் படியிறங்கவே முடியாது, எப்படிப் போய்ச் சொல்வது? கடைசியில் துளசி போனாள். வீட்டுத் தலைவருக்குப் பதிலாக வீட்டுப் பிள்ளை போய்ச் சொன்னால் அது செல்லும். பயத்தம் பணியாரம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினேன். போகும்போது அவள் கேட்டாள்.

"அம்மா, அந்த ரெண்டு நாடும் எப்பவோ பார்ட்னர் ஆயிட்டுது. இவை ரெண்டு பேருக்கும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருந்து

அண்ணியோடும் துளசியோடும் அண்ணை வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்ற அவருக்கு நேரம் எடுத்தது. சபேசனை நான் நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளி வந்திருந்தேன். லூதா காலையில் வந்து குளிக்க வார்க்க உதவி, வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையும் சீவிவிட்டிருந்தாள். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவளை மறித்து வைத்திருந்தேன்.

"என்னடா, இப்பிடி மெலிஞ்சு போனாய்" என்றார் அண்ணை.

சபேசன் அழுதுவிட்டார். பாரிசவாதம் வந்தவர்களுக்கு அழுகை சுலபமாக வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணைக்குப் பாரிசவாதம் இல்லை. அவரும் அழுதார். நான் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் நிறைவாக இருந்தேன். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தமிழ்க் கடையில் உறைந்த நண்டு வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். முருங்கைக்காயும் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். விட்ட இடத்திலிருந்து அந்தச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதலில் பழைய சைக்கிள் வந்தது. பிறகு பழைய வாத்தியார். பிறகு, நான் எதிர்பார்த்தது போல, உலகம் வந்தது.

கடைசியில் சேர்ந்துவிட்டார்கள்தானே என்றார் அண்ணை. சேராமல் எங்கே போவார்கள் என்றார் இவர். இருவரும் ஒரே சத்தத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. கட்சி ஒன்றாக இருந்த காலத்துச் சிரிப்பு அது.

சபேசன் நல்ல கையால் கோப்பையில் சோற்றைத் தட்டையாக்கினார். விரலால் ஒரு கோடு இழுத்தார். அண்ணை தன் கோப்பையிலிருந்து முருங்கைக்காய்ச் சக்கைகளை எடுத்து, குனிந்து, இவருடைய கோப்பையில் அடுக்கினார். எது எந்த நகரம் என்று இருவரும் பேசிப் பேசி வைத்தார்கள். இவர் ஒன்றைத் தள்ள, அவர் இன்னொன்றைத் தள்ளினார். இஞ்சாலை கார்கிவ், இன்னும் கொஞ்சம் தள்ளினால் முடிந்தது என்றார் அண்ணை. அது படையெடுப்பு இல்லை, பாதுகாப்பு என்றும் சொன்னார்.

நான் கறிச்சட்டியோடு நின்றுவிட்டேன்.

"அண்ணை, பிராக்குக்குள்ளை தாங்கி போனதுக்கு நீங்கள் அண்டைக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?"

அண்ணை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"அது வேறை, பிள்ளை. அப்ப அவங்கள் எங்கடை ஆக்கள் இல்லை."

அவ்வளவுதான். என் கணக்குக் கொப்பியின் உறை, சாட்சிக் கையெழுத்துக்குச் சொன்ன சுயவிமர்சனம், என் பிள்ளையின் தலையில் வேறு யாரோ வார்த்த தண்ணீர், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கொள்கை இந்த ஒரு வசனம்தான்.

கார்கிவ் என்ற சொல் தமிழுக்குள்ளும் கார்கிவ்தான். லூதா முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறார்கள் என்று ஜேர்மனில் கேட்டாள்.

பழைய கதை கதைக்கிறார்கள் என்றேன்.

அவள் சபேசனின் கோப்பையை எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் தாய் இருக்கும் இடத்துக்கு ரஷ்யப் படை எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று கைத்தொலைபேசியில் வரைபடம் பார்ப்பவள் அவள். சோற்றில் கீறினாலும் அவளுக்கு அது தெரியும். கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தாள். எழுந்து, எனக்கு நன்றி சொன்னாள். பிறகு சபேசன் பக்கம் குனிந்து, முதல் தடவையாக, ரஷ்ய மொழியில் ஒரு வசனம் சொன்னாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அவளுடைய சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"நல்லாச் சாப்பிடுங்கோவாம்" என்றார் சபேசன். கண்ணை நிமிர்த்தாமல் சொன்னார். அடுத்த நிமிடம் அண்ணை இன்னொரு சக்கையைத் தேடத் தொடங்கிவிட்டார்.

நான் சட்டியை வைத்துவிட்டு, சபேசனின் விரலுக்குக் கீழிருந்து கோப்பையை இழுத்தேன். பிறகு அண்ணையின் கோப்பையையும் எடுத்தேன். நண்டு இன்னும் உடைக்காமல் கிடந்தது.

"நான் இன்னும் முடிக்கேல்லை, பிள்ளை."

"அண்டைக்கும் நீங்கள் முடிக்கேல்லை. எழும்புங்கோ, அண்ணை. இந்த முறை கையைக் கழுவிப்போட்டு எழும்புங்கோ."

அண்ணி என்னைப் பார்த்து விழித்தாள். துளசி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாச் சோற்றையும் குப்பை வாளிக்குள் கொட்டினேன். சாப்பாட்டைக் கொட்டினால் என் அம்மா அடிப்பார். அன்று விரலால் வழித்துக் கொட்டினேன்.

பின்னேர ரயிலில் அண்ணை போனார். கோபித்துக்கொண்டு போகவில்லை. வயதுபோனால் மூளை ஒரு மாதிரி, அவளுக்கும் களைப்பு என்று இவரிடம் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது தினமும் காலையில் ரெனானிலிருந்து தொலைபேசி வருகிறது. இருவரும் முன்னேற்றத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். எந்த ஊர் விழுந்தது, எது விழப்போகிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணையும் கணவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

லூதாவைப் படியில் கண்டேன். உதவி வேண்டுமா என்று அவளே கேட்டாள். வேண்டாம், இப்போது சமாளிக்கிறேன் என்று பொய் சொன்னேன். கூப்பிட்டால் வருவாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

நேற்று அவருக்குக் குளிக்க வார்த்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போல நோ. தொட்டிக்குள் அவரைப் பாதி தூக்கியிருக்கும்போது முன்னறையில் தொலைபேசி அடித்தது.

"கொண்ணைதான். போய் எடன், அவன் வைச்சிடப் போறான்" என்றார், குளிரில் பல் கிட்டியபடி.

"இருங்கோ. ரெண்டு வல்லரசும் சேந்து முதல் உங்களை இந்தத் தொட்டியாலை எழுப்பட்டும்" என்றேன்.